முத்திரை குத்திய தண்ணீர்

போன ஜூன் மாதம் எங்கள் குடியிருப்பில் இரண்டு நாள் தண்ணீர் வரவில்லை. அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் நூற்றிருபது லிட்டர் குடிதண்ணீர் இருந்தது. அவசரத்துக்கென்று நானே கேன் வாங்கி, நானே கழுவி, நானே நிரப்பி, மூடியை இறுக்கி, வெயில் படாத மூலையில் பலகை போட்டு அடுக்கிவைத்த தண்ணீர். அப்படியிருந்தும் நான் செய்தது என்னவென்றால், இரண்டு காலி பாட்டில்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டியதுதான். ஐம்பத்திரண்டு வயதில், நரைத்த மீசையோடு, ‘பஹன்ஜி, தோடா பானி’ என்று கொஞ்சம் தண்ணீர் கேட்டு நின்றேன். அந்த அம்மாள் நிரப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டில் ஏதும் கஷ்டமா என்று வேறு விசாரித்தாள்.

என் மனைவி விடவில்லை.

“ஆறு கேன் நிறைய வெச்சிருக்கீங்களே, அது எதுக்கு?”

“அவசரத்துக்கு.”

“அப்போ இது என்ன?”

“இது தண்ணி வரலை. அவ்வளவுதான்.”

“இதுக்கு மேல ஒரு அவசரம் வந்தா, குடிக்க நாம இருக்க மாட்டோம்” என்று சொல்லிவிட்டு எதிர்வீட்டுத் தண்ணீரில் காபி போட்டாள்.

அவளிடம் நான் சொல்லாத காரணம் ஒன்று உண்டு. நான் நிரப்பிய தண்ணீரை இன்னொருவர் குடிப்பதை நின்று பார்க்க எனக்குத் தைரியம் கிடையாது.

அப்போது எனக்குப் பத்து வயது. தில்லி மயூர் விஹாரில் கூட்டுறவுச் சங்கம் கட்டிய நாலு மாடி வீடுகளில் சுவரின் ஈரம் காய்வதற்குள் குடிவந்துவிட்டோம். எங்களுடையது மூன்றாவது மாடி. யமுனைக்குக் கிழக்கே இருந்துகொண்டு தண்ணீருக்குத் தவிப்பது எப்படி என்பதை அந்த வருஷங்களில்தான் கற்றுக்கொண்டோம். காலையில் ஒரு மணி நேரம் கீழேயிருந்து நேர்க்குழாயில் தண்ணீர் வரும், சாயங்காலம் மனமிருந்தால் வரும். மற்ற நேரத்துக்கு மொட்டைமாடித் தொட்டி. அந்தத் தொட்டியின் மூடியை முந்தின கோடையில் அடித்த ஆந்தி தூக்கிக்கொண்டு போய்விட்டது. புழுதிக்காற்று கொண்டுபோன மூடி எந்தக் காலனியில் விழுந்ததோ, திரும்பி வரவில்லை. புதிய மூடி வாங்குவது பற்றிச் சங்கத்தின் கமிட்டி ஞாயிறு தோறும் கூடிப் பேசியது. இதற்கிடையில் புறாக்கள் தொட்டியைத் தங்களுக்கு ஒதுக்கப்பட்டதாகவே கருதத் தொடங்கின.

அப்பா ஒரு மத்திய அமைச்சகத்தில் தபால் அனுப்பும் பிரிவில் இருந்தார். எந்தக் காகிதமும் தேதி இல்லாமல் அவர் கையைத் தாண்டியதில்லை. தண்ணீர்த் தட்டுப்பாட்டையும் அவர் ஒரு கோப்பாகத்தான் எடுத்துக்கொண்டார். ஆறு வெள்ளை கேன்கள் வந்தன, ஆறும் புதிது. பக்கத்து வீட்டுக்காரர் மண்ணெண்ணெய் டின்னைக் கழுவித் தண்ணீர் பிடித்துவைத்தபோது, “அதுல பூச்செடிக்குக்கூட ஊத்தக் கூடாது” என்று அப்பா அவரிடமே சொல்லிவிட்டு வந்தார். கேன்களைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், பிறகு பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் குலுக்கி அலச வேண்டும், மறுபடியும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். காலை நேர்க்குழாயில் வரும் தண்ணீரைத்தான் பிடிக்க வேண்டும். மேல்தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டு கலக்கக் கூடாது. கேனுக்கு ஒரு குளோரின் மாத்திரை. யாரும் வாய் வைக்கக் கூடாது, கை விடக் கூடாது, சாய்த்துத்தான் எடுக்க வேண்டும். பதினைந்து நாளுக்கொரு முறை பழைய தண்ணீரை வீடு கழுவ விட்டுவிட்டுப் புதிதாகப் பிடிக்க வேண்டும். இத்தனையும் நாட்டில் நல்ல மனிதர்கள் செய்யக்கூடியவைதான். அப்பா இதற்கு மேலும் ஒன்று செய்தார். ஒவ்வொரு கேனிலும் ‘நீர் மாற்றப்பட்ட நாள்’ என்று அழகான கையெழுத்தில் எழுதிய காகிதத்தை ஒட்டி, அதில் முத்திரை குத்த ஏற்பாடு செய்தார்.

அந்த முத்திரை அவருடைய அலுவலகத்தில் கழித்துக்கட்டியது. கழித்துக்கட்டிய பொருளையும் எழுத்து மூலம் அனுமதி வாங்கித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மரப்பிடியும், நாளுக்கு, மாதத்துக்கு, வருஷத்துக்கு என்று மூன்று ரப்பர்ப் பட்டைகளும் கொண்டது. சின்னச் சக்கரத்தைத் திருகினால் நாள் நகரும். மசியில் ஒற்றிக் காகிதத்தில் அழுத்தினால் ‘டப்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தில் சர்க்கார் முழுவதும் இருந்தது.

தண்ணீர் மாற்றும் பொறுப்பு எனக்கு. “பொறுப்பு வந்தாத்தான் பய உருப்படுவான்” என்று அப்பா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழும்படியாகத்தான் சொல்லப்பட்டது.

முதல் இரண்டு தவணை ஒழுங்காகச் செய்தேன். மூன்றாவது தவணை ஞாயிற்றுக்கிழமை ஒரு கணக்குப் புரிந்தது. தண்ணீரை மாற்ற இரண்டு மணி நேரம் ஆகிறது. தேதியை மாற்ற இரண்டு நிமிஷம் போதும். கீழே மைதானத்தில் எவன் முதலில் வருகிறானோ அவன்தான் முதலில் மட்டை பிடிப்பான். அப்பா கமிட்டிக் கூட்டத்தில் தொட்டி மூடி பற்றி விவாதித்துக்கொண்டிருந்தார். அம்மா சமையலறையில். அவள் சந்தேகப்படக் கூடாதென்று குளியலறைக் குழாயைக் கொஞ்சநேரம் திறந்துவிட்டு, கேன்களைத் தரையில் நாலு தரம் இழுத்து ஓசை எழுப்பிவிட்டு, ஆறு காகிதங்களிலும் ‘டப்’ என்று குத்திவிட்டு இறங்கி ஓடினேன். ஆறு குளோரின் மாத்திரைகளையும் அங்கணத் துளையில் போட்டேன். தில்லியிலேயே சுத்தமாக இருந்த இடம் எங்கள் வீட்டுச் சாக்கடைக் குழாயாகத்தான் இருக்கும்.

ஒரு தப்புக்கு இன்னொரு தப்பு துணைக்கு வந்தது. ஆட்டம் முடிந்து தொண்டை வறண்டு வரும் நானும் என் கூட்டாளிகள் மூன்று பேரும் அந்த கேன்களைச் சாய்த்து வாய் வைத்துக் குடித்தோம். எச்சில் என்றால் அம்மாவுக்குக் குலை நடுங்கும். அவள் மத்தியானத் தூக்கத்தில் இருந்தாள். கேனில் தண்ணீர் குறைந்தால் அப்பாவுக்குத் தெரிந்துவிடுமே? குளியலறைக் குவளையால் மொண்டு மொண்டு ஊற்றி நிரப்பினேன். குளியலறையில் வருவது மேல்தொட்டித் தண்ணீர், புறாக்களின் தண்ணீர். அப்பா ஒவ்வொரு முறையும் வந்து பார்த்தார். தண்ணீரைப் பார்க்கவில்லை, காகிதத்தைத்தான் பார்த்தார். தேதி சரியாக இருந்தது. “சபாஷ்” என்றார். இப்படியே, கடைசியாகத் தண்ணீர் மாற்றி ஏழு வாரம் ஆயிற்று.

அந்த ஏழாவது வாரத்தில்தான் சித்தி வந்திருந்தாள்.

அம்மாவின் கடைசித் தங்கை. இருபத்துநாலு வயது. அம்பாசமுத்திரத்திலிருந்து மூன்று நாள் ரயிலேறி, ஒரு தகரப் பெட்டியோடு வந்தாள். ஹிந்திப் பரீட்சைகளை ஒன்று விடாமல் எழுதித் தேறியவள். தில்லியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்தபோது தாத்தா ஒரே ஒரு நிபந்தனையோடு அனுப்பினார். வேலை கிடைத்தால் அக்காள் வீட்டில் தங்கி வேலை பார்க்கலாம். கிடைக்காவிட்டால் ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை உள்ளூரிலேயே துணிக்கடை வைத்திருந்த உறவுக்காரர். இரண்டாவது தடவை என்ற பேச்சே கிடையாது.

“வேல கெடச்சுட்டுன்னு வையி, சனிக்கிழம சனிக்கிழம உன்னய இந்தியா கேட் கூட்டிட்டுப் போவேன்” என்று என்னிடம் சொன்னாள். “கெடைக்கலன்னா?” என்று கேட்டேன். “கெடைக்கலன்னா வாழ்நாள் பூரா ஜாக்கெட் துணி கிழிச்சுக் கொடுக்க வேண்டியதுதான்” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் தினமும் காலை அந்தக் கடிதத்தை எடுத்துத் தேதி மாறிவிடவில்லையே என்று பார்த்துவிட்டுத் திரும்ப மடித்துவைப்பாள்.

நான் பேசிய ஹிந்தி மைதானத்தில் பொறுக்கியது. அவள் பேசியது பரீட்சையில் தேறியது. இரண்டும் ஒரே மொழி என்று சொன்னால் இரண்டுமே கோபித்துக்கொள்ளும். காய்கறி வண்டிக்காரரிடம் போய், “மஹோதய், கிருபா கர்கே ஆதா கிலோ டமாட்டர் பிரதான் கீஜியே” என்றாள். ஐயா தயவுகூர்ந்து அரை கிலோ தக்காளி வழங்கியருள வேண்டும் என்று யாரும் அவரிடம் அதுவரை கேட்டதில்லை போலிருக்கிறது. அவர் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு நேராக நின்றார். தக்காளியைத் துடைத்துப் போட்டார். பிறகு என்னைத் தனியே இழுத்து, அக்கா ரேடியோவில் செய்தி வாசிக்கிறவரா என்று ரகசியமாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு மட்டும் கொத்துமல்லி இனாம்.

நேர்முகத் தேர்வுக்கு நாலு நாள் இருக்கும்போது, தண்ணீர் அனுப்பும் நிலையத்தில் மோட்டார் எரிந்துபோயிற்று. எல்லா வீட்டிலும் குழாயைத் திறந்தால் காற்று மட்டும் சீறியது. மறுநாள் லாரியில் தண்ணீர் வந்தது. குடமும் வாளியும் சண்டையுமாக அம்மாவும் நானும் பிடித்து மேலே கொண்டுவந்தோம். செம்மண் கரைத்தது போலிருந்தது. அம்மா அதை வடிகட்டி, கொதிக்கவைத்து, ஆறவைத்தாள்.

அப்போதுதான் அப்பா சேமிப்பைத் திறப்பதென்று முடிவெடுத்தார். அணை திறக்கும் மந்திரியின் முகம் அவருக்கு.

“நாம எல்லாரும் லாரித் தண்ணிய கொதிக்கவெச்சுக் குடிப்போம். கேன் தண்ணி அவளுக்கு மட்டும். இன்டர்வியூ முடியுத வரைக்கும் அவ உடம்புக்கு ஒண்ணும் வந்துரக் கூடாது.”

“அதையும் ஒரு கொதி கொதிக்கவெச்சுக் கொடுத்தா என்ன?” என்றாள் அம்மா.

“எதுக்கு? மாத்திரை போட்டுப் புடிச்சு ஆறு நாள்தான ஆகுது? தேதியப் பாரு. கேஸ் வேற தீரப் போகுது.”

ஆறு கேன்களிலும் ஒரே தேதிதான். அதிலும் எந்தக் காகிதத்தில் முத்திரை மசி பிசிறாமல், எழுத்து எழுத்தாக விழுந்திருக்கிறதோ, அந்த கேனைத் தேர்ந்தெடுத்துச் சித்திக்கென்று தனியாக எடுத்துவைத்தார். நாலாவது கேன். நாங்கள் நாலு பேரும் அதிகமாக வாய் வைத்தது அதில்தான்.

நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். அந்த நிமிஷத்தில் ஒரு வாக்கியம் சொன்னால் போதுமாயிருந்தது. அதைச் சொல்லியிருந்தால் இரண்டு அடி விழுந்திருக்கும். இரண்டு நாள் விளையாட விட்டிருக்க மாட்டார்கள். இதற்கு மேல் ஒன்றும் ஆகியிருக்காது என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அப்பா, சேமிப்பைத் திறப்பதற்குச் சாட்சியாக வந்திருந்த கீழ்வீட்டுக்காரரிடம் என் தோளைத் தட்டி, “எல்லாம் இவன் பொறுப்பு. பதினஞ்சு நாளுக்கு ஒருக்க தவறினதே கிடையாது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாராட்டு வாங்கிக்கொண்டிருக்கும் வாயால் எப்படி உண்மை பேசுவது?

தண்ணீருக்கு என்ன தெரியும், அது எந்தத் தேதியில் பிடித்தது என்று? இப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனாலும் சித்தி முதல் தம்ளரை எடுத்தபோது பொறுக்கவில்லை. யாரும் இல்லாத சமயம் பார்த்துச் சொன்னேன்.

“சித்தி, நீங்க லாரித் தண்ணியே குடிங்களேன்.”

“ஏம்ல?”

“அது... நல்லா இருக்கு.”

“செவசெவன்னு இருக்கு, நல்லா இருக்காம். கோட்டிப்பயலே, இது நீ பாத்துப் பாத்துப் புடிச்சு வெச்ச தண்ணில்லா? உங்கப்பா சொல்லிச் சொல்லி மாளல.” அண்ணாந்து கடகடவென்று குடித்தாள். பிறகு தம்ளரை முகர்ந்து பார்த்தாள். “பிளாஸ்டிக் வாசன லேசா அடிக்கி. அதனால என்ன, எம்புள்ள கையால வெச்சது” என்று என் கன்னத்தைக் கிள்ளினாள்.

அந்தக் கிள்ளு இன்னும் வலிக்கிறது என்று எழுதினால் நாடகமாகிவிடும். வலிக்கவில்லை. நான் ஓடிப்போய் விளையாடினேன். எனக்கு எதுவும் ஆகவில்லையே, என் கூட்டாளிகளுக்கும் ஆகவில்லையே, அவளுக்கு மட்டும் என்ன ஆகிவிடும் என்று ஒரு கணக்கு. புறாத் தண்ணீரில் பழகிய வயிறு வேறு, தாமிரபரணியில் வளர்ந்த வயிறு வேறு என்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தாள். சாயங்காலத்துக்குள் ஏழெட்டுத் தடவை போய்வந்தாள். மறுநாள் காலை பதினொரு மணிக்கு நேர்முகத் தேர்வு. எட்டு மணிக்கே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, அம்மாவின் அரக்குப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டாள். பவுடர் போட்ட முகத்தில் கண்கள் மட்டும் உள்ளே போயிருந்தன. அப்பா விடுப்பு எடுத்துக்கொண்டு ஆட்டோ கூட்டிவந்தார். துணைக்கு நானும் ஏறிக்கொண்டேன். வழி நெடுக அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. கேள்விகளுக்குப் பதில் ஒத்திகை. நிஜாமுதீன் பாலத்தின் நடுவில் அப்பாவின் கையைப் பிடித்து, “அத்தான், நிறுத்தச் சொல்லுங்க” என்றாள். இறங்கிக் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு யமுனையைப் பார்த்து வாந்தியெடுத்தாள். நிமிர்ந்து, வாயைத் துடைத்து, “போலாம்” என்றாள். இரண்டு அடி வைத்தாள். மூன்றாவது அடியில் பட்டுப்புடவையோடு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆட்டோ திரும்பியது.

மருந்தகத்து டாக்டர் வயதான சர்தார்ஜி. நாக்கை நீட்டச் சொன்னார், தோலைக் கிள்ளிப் பார்த்தார். வெளியில் ஏதாவது சாப்பிட்டாயா என்று கேட்டார். சித்தி இல்லையென்று தலையாட்டினாள். குடிதண்ணீர் எங்கே பிடித்தது என்று கேட்டார். அப்பா நெஞ்சு நிமிர்த்தி, கேன், மாத்திரை, பதினைந்து நாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். டாக்டர் வியந்துபோனார். எல்லா வீட்டிலும் இப்படி இருந்தால் எனக்கு வேலையே இருக்காது என்றார். வெயில்தான் காரணம் என்று முடிவாயிற்று. உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை நிறையக் கொடுங்கள், சுத்தமான தண்ணீராக இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா செய்த முதல் காரியம், நாலாவது கேனைச் சாய்த்து ஒரு சொம்பு எடுத்து, உப்பும் சர்க்கரையும் கரைத்ததுதான்.

என் வாழ்க்கையில் நான் செய்த துணிச்சலான காரியம் ஒன்றே ஒன்றுதான். அதையும் பாதிதான் செய்தேன். அப்பா மாத்திரை வாங்கப் போனார். அம்மா கீழே லாரிக்கு வரிசையில் நின்றாள். நான் கேன்களை ஒவ்வொன்றாகக் குளியலறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கவிழ்த்தேன். சொம்பில் இருந்ததையும் ஊற்றினேன். அம்மா வாளியோடு மேலே வந்தபோது ஆறாவது கேன் களக் களக் என்று காலியாகிக்கொண்டிருந்தது.

“பாவி மட்ட! ஊரே தண்ணிக்கு அடிச்சுக்கிட்டுக் கெடக்கு, என்ன காரியம்ல பண்ணுத?”

அப்பா வந்தார். “எதுக்குல ஊத்துன?”

“கால் தட்டிட்டு.”

“ஒரு கேன்னா கால் தட்டும். ஆறு கேனுமால தட்டும்?”

செருப்பால் அடி விழுந்தது. அப்பா என்னை அடித்த ஒரே தடவை அதுதான். நான் வாய் திறக்கவில்லை. படுக்கையிலிருந்து சித்தி, “விடுங்க அத்தான், சின்னப்புள்ள. ஏதோ வெளையாட்டுல ஊத்திட்டான்” என்றாள். குரலே எழும்பவில்லை. அதற்குப் பிறகு வேறு வழியில்லாமல் கொதிக்கவைத்த லாரித் தண்ணீரைத்தான் அவளுக்கும் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் கைராசிக்காரர் என்று அம்மா சொன்னாள்.

நான் அன்று நிம்மதியாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். செய்த தப்புக்கு அடி வாங்கியாயிற்று. எந்தத் தப்புக்கு எந்த அடி என்பதில் கொஞ்சம் குழப்பம் இருந்தாலும், மொத்தத்தில் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

அப்பா அந்த அலுவலகத்துக்கே நேரில் போய்வந்தார். டாக்டர் சான்றிதழோடு ஒரு விண்ணப்பம் கொடுத்தால், அடுத்த முறை குழு கூடும்போது கூப்பிடுவது பற்றி யோசிப்பதாகச் சொல்லியிருந்தார்கள். விண்ணப்பத்தை அப்பாவே எழுதிக் கொண்டுவந்து நீட்டினார். கையெழுத்து மட்டும் போட வேண்டும். தாத்தாவிடம் தானே பேசுவதாகவும் சொன்னார். சித்தி அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்துப் பார்த்தாள்.

“வேண்டாம் அத்தான்” என்றாள்.

“ஏம்மா? யோசிப்போம்னுதான சொல்லுதாங்க?”

“வேண்டாம். அப்பாட்ட இன்னொரு தடவ கேக்க எனக்கு மொகம் கெடையாது.”

களைப்பில் சொல்கிறாள் என்று எல்லோரும் நினைத்தோம். நான் உள்ளூரச் சந்தோஷப்பட்டேன். விண்ணப்பம் இல்லையென்றால் விசாரணையும் இல்லை. அடுத்த வாரம் ரயில் நிலையத்தில் அவள் சுமைதூக்கும் ஆளிடம் ஒரு வார்த்தை ஹிந்தியில் பேசவில்லை. பெட்டியைச் சுட்டிக்காட்டிவிட்டுச் சும்மா நின்றாள். நான்தான் என் மைதானத்து ஹிந்தியில் பேசினேன். பெருமையாகக்கூட இருந்தது.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. சித்தப்பா நல்லவர். அவர் கெட்டவராக இருந்திருந்தால் என் குற்றத்துக்கு ஒரு காவிய அழகாவது வந்திருக்கும், அதற்கும் வழியில்லை. இரண்டு பிள்ளைகள், பேரன் பேத்திகள். ஜாக்கெட் துணியும் கிழித்துக் கொடுத்தாள். வடக்கேயிருந்து துணி கொண்டுவரும் சேட்டுகளோடு அவள்தான் பேசுவாள் என்றும், அவர்கள் எழுந்து நின்று பதில் சொல்வார்கள் என்றும் கேள்வி.

நாற்பது வருஷத்துக்கும் மேல் அதைச் சொல்லாமல் இருந்துவிட்டேன். கல்யாண வீடுகளில் அவளைப் பார்க்கும்போதெல்லாம் வாய் வரைக்கும் வரும், பந்திக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். இந்தத் தை மாதம் அம்பாசமுத்திரம் போனபோது ஒரு மத்தியானம் வாய்த்தது. சித்தப்பா உள்ளறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சித்தி தொலைக்காட்சியில் சத்தத்தைக் குறைத்து ஹிந்திச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தாள். ரயிலில் வரும்போதே பேச்சைத் தயாரித்து வைத்திருந்தேன். நல்ல நல்ல வாக்கியங்கள். ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

“சித்தி, ஒரு விஷயம் சொல்லணும்.”

“பீடிகை போடாதல. சொல்லு.”

முத்திரை, மாத்திரை, குளியலறைக் குவளை, புறா, எச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“எத்தன நாள் தண்ணி அது?”

“ஏழு வாரம்.”

தொலைக்காட்சியை அணைத்தாள்.

“அன்னைக்கி அந்த டாக்டரு, வெளிய ஏதும் தின்னியான்னு கேட்டாருல்லா?”

“நீங்க இல்லன்னீங்க.”

“பொய் சொன்னேன். நான் படுக்கதுக்கு மொத நாளு ஹேர்பின் வாங்கணும்னு கீழ எறங்கினேம் பாத்தியா, மார்க்கெட்ல வண்டிக்காரன்ட்ட கோல்கப்பா தின்னேன். ஆறு. நம்மூர்ல ஒரு பொம்பளப்புள்ள ரோட்டுல நின்னு திங்க முடியுமா? ஆசையா இருந்துச்சு, தின்னுட்டேன். யார்ட்டயும் சொல்லல.” மடியில் இருந்த ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “உங்கப்பா எனக்குன்னு தனியாத் தண்ணி எடுத்துவெச்சு அப்படிப் பாத்துக்கிட்டாரு. நான் நாக்கு ருசிக்கு ரோட்டுல தின்னு எல்லாத்தயும் கெடுத்துக்கிட்டேன். எந்த மொகத்தோட அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடுவேன்? நமக்குக் கிட்டுனது இவ்வளவுதான்னு கல்யாணத்துக்குத் தலையாட்டிட்டேன்.”

தண்ணீர் அவளிடமிருந்து ஒரு நாளைத்தான் பறித்தது. அந்த நாளைத் திரும்பத் தருவதற்கு ஒரு காகிதம் தயாராக இருந்திருக்கிறது, அப்பாவின் கையெழுத்தில், தேதியோடு. அதில் அவள் கையெழுத்து விழாததற்கு நான்தான் காரணம். நான் வாயை மூடிக்கொண்டால் பழி யார் மேலும் விழாது என்றுதான் பத்து வயதில் நினைத்தேன். சொந்தக்காரன் இல்லாமல் கிடக்கிற பழியை வீட்டில் யாராவது ஒருவர் தன்னுடையது என்று எடுத்துக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியவில்லை. நான் இருந்திருக்க வேண்டிய இடத்தில் அவள் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருக்கிறாள், இத்தனை வருஷமும்.

என்னவோ சொல்ல வாயெடுத்தேன். மன்னிப்பு என்ற சொல் அதில் இருந்தது என்று நினைக்கிறேன். சித்தி கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். முந்தானையால் ஒரு தரம் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, காபி போட அடுக்களைப் பக்கம் நடந்தாள். பாதி வழியில் திரும்பி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“வேலை போனது போகட்டும்ல. அந்தக் கோல்கப்பாவ நம்மூர்ல பானிபூரின்னு தெருவுக்குத் தெரு விக்கான், நாப்பது வருசமா நான் ஒண்ணு வாயில வெச்சதில்ல. பேரப்புள்ளைகளையும் திங்க விட்டதில்ல. கோட்டிப்பயலே, அதுக்காவது ஒரு லெட்டர் போட்டிருக்கலாம்லா?”